காயலான் கடைக்குப் போகும் டீசல் இன்ஜின்கள்

விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வந்தால் நம் குடியிருப்பில் ஊட்டி மலை ரயில் பேச்சு வராமல் இருக்காது. புகை, விசில், பல்சக்கரம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் குன்னூரைத் தாண்டி ஊட்டி வரை அந்த ரயிலோடு போவது டீசல் இன்ஜின். இதை யாரும் சொல்வதில்லை. படம் எடுப்பவர்கள் குன்னூரிலேயே கேமராவை மூடிவிடுகிறார்கள். நீராவி இன்ஜினுக்கு மாலை, டீசலுக்கு ஒரு பார்வைகூட இல்லை.

இந்த இதழுக்கு மலையின் பழைய வரலாறு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். காப்பித் தோட்டம், துரைமார் பங்களா பற்றியெல்லாம் முன்பே பலர் எழுதிவிட்டார்கள். அதனால் நான் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டேன்.

சேர்வராயன் மலையை ஒட்டி ஜோலார்பேட்டையிலிருந்து பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டை வழியாகச் சேலம் வரும் பாதை 1860களின் தொடக்கத்தில் போடப்பட்டது. மலையடிவாரத்தில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லின் பேரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இது அகலப்பாதை. சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போனதும், ஓமலூர், தர்மபுரி வழியாகப் பெங்களூர் போனதும் மீட்டர்கேஜ். பெங்களூர்ப் பாதை 1990களில் அகலமானது. விருத்தாசலம் பாதை 2007இல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது. ஆக, இரண்டு அளவுத் தண்டவாளமும் ஓடிய ஊர் சேலம். கரி இன்ஜின் போய் மின்சாரக் கம்பி வரும்வரை இடைப்பட்ட காலத்தில் இரண்டு பாதைகளிலும் பாரம் சுமந்தவை டீசல்கள்தான். நம்மில் அறுபதைத் தாண்டிய பலர் கல்லூரிக்கும் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போனது அவற்றின் பின்னால்தான்.

அவற்றின் பெயர்கள் வாயில் நுழையாதவை. அகலப்பாதையில் ஓடியது டபிள்யூடிஎம்-2, மீட்டர்கேஜில் ஓடியது ஒய்டிஎம்-4. முதல் எழுத்து பாதையின் அகலம், டி என்பது டீசல், எம் என்றால் பயணிகள் ரயில், சரக்கு ரயில் இரண்டையும் இழுக்கும். கடைசி எண் எத்தனையாவது வகை என்பது. பாங்க் வவுச்சர் எண் மாதிரிதான், பழகிவிட்டால் எளிது.

இரண்டுமே அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு. அதற்கு முன்பே 1957 முதல் அதே கம்பெனியின் டபிள்யூடிஎம்-1 இன்ஜின்கள் நூறு வந்து இறங்கியிருந்தன. 1961இல் ஒய்டிஎம்-4, 1962இல் டபிள்யூடிஎம்-2. பிறகு வாரணாசியில் நாமே கட்டத் தொடங்கினோம். அங்கே கட்டிய முதல் இன்ஜினுக்கு ‘குந்தன்’ என்று பெயர். எண் 18233. 1964 ஜனவரியில் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தவர், அதே ஆண்டு பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி. டபிள்யூடிஎம்-2 பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், எடை சுமார் 112 டன். ஆல்கோ கம்பெனி 1969இல் மூடிவிட்டது. தாய்க் கம்பெனி போன பிறகும் முப்பது ஆண்டுக்குக் கிட்ட நம் ஆட்கள் அதே இன்ஜினைத் திருத்தித் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை வெறும் நகல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஈரோட்டில் ஒரு கிளையில் கவுண்டரில் இருந்த காலத்தில் டீசல் ஷெட் தொழிலாளர்கள் சம்பள வாரத்தில் வரிசையாக வருவார்கள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் ரேகையில் கருப்பு எண்ணெய் போகாது. பாஸ்புக்கைப் பார்த்தாலே எந்தப் பக்கம் எத்தனை முறை புரட்டப்பட்டது என்று தெரியும். அதில் ஒரு ஃபிட்டர், ஷெட் வாசலில் நின்றே எந்த இன்ஜினில் எந்தப் பக்கத்துச் சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை என்று காதால் சொல்வேன் என்பார். கவுண்டரில் கூட்டம் நிற்க, அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முறைப்பார். அந்தக் காதுக்கு எந்தப் புத்தகத்திலும் பாடம் கிடையாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். பி.காம். படித்தவன் கணக்கைத் தொடாமல் முடியாது. ஒரு டீசல் இன்ஜினுக்கு ரயில்வே வைத்திருக்கும் ஆயுள் 36 ஆண்டு. அது முடிந்தால் ‘கண்டம்’ செய்வார்கள். பிறகு ஏலம். ஏலம் எடுத்தவர் எரிவாயுக் கட்டரோடு வந்து துண்டு போட்டு லாரியில் ஏற்றுவார். ஜெனரேட்டரிலும் ஆறு அச்சுகளுக்கான ஆறு மோட்டார்களிலும் இருக்கும் செம்புக்கு நல்ல விலை. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் கழித்துக் கழித்துப் பெயருக்கு ஒரு மதிப்பு மிஞ்சியிருக்கும். ஏலத்தில் அதைவிடப் பல மடங்கு வரும். எந்த அதிகாரிக்கும் இதில் எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவது என்று சந்தேகமே வராது. விற்றால் வரவு, வைத்துக்கொண்டால் செலவு. வருங்காலத்தில் ஒரு பையன் வந்து பார்ப்பான் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் தலைப்பு இல்லை.

மின்மயமாக்கலை நான் குறை சொல்லவில்லை. புகை இல்லை, வேகம் உண்டு, எண்ணெய் இறக்குமதிச் செலவும் மிச்சம். வாரணாசித் தொழிற்சாலையே 2019 வாக்கில் மின்சார இன்ஜின்களுக்கு முழுதாக மாறி, 2020இல் பெயரிலிருந்த டீசலையும் எடுத்துவிட்டது. பழைய டீசல்களையே மின்சார இன்ஜினாக மாற்றிப் பார்த்ததும் அங்கேதான். மீட்டர்கேஜ் கதை வேறு மாதிரி. பாதை அகலமாக ஆக, ஒய்டிஎம்-4களுக்கு ஓட இடமில்லாமல் போனது. பொன்மலைப் பணிமனையில் செப்பனிட்டு மலேசியா, மியான்மர் போன்ற நாடுகளுக்கு அனுப்பினார்கள். விருத்தாசலம் பாதையில் பார்த்த இன்ஜின் வகையை மலேசியாவுக்கு வேலைக்குப் போன நம் ஊர்க்காரர் அங்கேயும் பார்த்திருக்கக்கூடும். மிச்சம் இருந்தவற்றில் பெரும்பகுதி பேரீச்சம்பழத்துக்குத்தான் போனது.

அப்படியானால் எதுவுமே மிஞ்சவில்லையா? மிஞ்சியிருக்கிறது. 1977இல் திறந்த டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் முதல் டபிள்யூடிஎம்-1 ஆன 17000 எண் இன்ஜினும், முதல் டபிள்யூடிஎம்-2 ஆன 18040உம் இருக்கின்றன. முதலாவதை எடுத்து வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் அது போதாது என்பது என் கட்சி. முதல் இன்ஜின் எப்போதும் கொஞ்சம் மாப்பிள்ளை மாதிரி. குடும்பத்தைச் சுமந்தவை பின்னால் வந்த இரண்டாயிரத்துச் சொச்சம்.

முதலாவதைக்கூட வைத்துக்கொள்ளாத நாடுகளும் உண்டு. பிரிட்டன் 1947 கடைசியில் தன் முதல் பெரிய டீசல் இன்ஜினை ஓடவிட்டது. எண் 10000. ரயில் பைத்தியம் பிடித்த அந்த நாட்டிலேயே 1968இல் அதை உடைத்துப் போட்டார்கள். அன்று எல்லோருடைய கண்ணும் கடைசி நீராவி இன்ஜின்கள் மேல்தான். இப்போது ஒரு சங்கம் அதே மாதிரி ஒன்றை மறுபடியும் கட்ட நிதி திரட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 3,300 குதிரைத்திறன் கொண்ட ‘டெல்டிக்’ வகையில் அவர்கள் விழித்துக்கொண்டார்கள். மொத்தம் 22 கட்டினார்கள். 1982 ஜனவரியோடு ஓட்டம் நின்றது. அந்த 22இல் ஆறு இன்றும் இருக்கின்றன. ஆர்வலர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்கியதும் அதில் சேர்த்தி. பத்து இருபது வருட இடைவெளியில் ஒரே நாட்டில் இரண்டு விதமான முடிவு.

டீசலை வைத்துக்கொள்வது நீராவியைவிடக் கஷ்டம் என்பதையும் சொல்லவேண்டும். நீராவி இன்ஜின் செத்துக் கிடந்தாலும் பார்க்க உயிரோடு இருக்கும். கொதிகலன், பிஸ்டன், சக்கரங்களை இணைக்கும் தண்டு எல்லாம் வெளியே தெரியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு விரலால் காட்டிப் புரியவைக்கலாம். டீசல் நின்றுபோனால் ஒரு பெரிய இரும்பு பீரோ. உள்ளே டீசல் எந்திரம் ஜெனரேட்டரைச் சுழற்றி, அதில் வரும் மின்சாரம்தான் சக்கரங்களை ஓட்டுகிறது என்பது வெளியே தெரியாது. அதாவது அதுவும் ஒரு மின்சார இன்ஜின்தான். தன் மின் நிலையத்தைத் தானே சுமந்துகொண்டு போகிறது. ஸ்டார்ட் பண்ணுவதும் வேடிக்கை. பேட்டரி மின்சாரத்தைக் கொடுத்து அதே ஜெனரேட்டரை மோட்டாராக ஓட்டி, அதைக்கொண்டு எந்திரத்தைச் சுழற்றிவிடுவார்கள். இதனால்தான் அந்தக் காலத்தில் ஸ்டேஷனில் மணிக்கணக்காக நின்றாலும் டிரைவர் அணைக்க மாட்டார். பேட்டரி மக்கர் பண்ணினால் யார் பதில் சொல்வது?

திறந்தவெளியில் மேடை கட்டி நிறுத்தினால் முதல் மழைக்காலத்திலேயே கேடு தொடங்கிவிடும். புகைப்போக்கி வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். பிஸ்டன் வளையம் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இருப்பது தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும், ஏனென்றால் தண்ணீரை அமுக்க முடியாது. ஆகவே புகைப்போக்கியை மூடவேண்டும். குளிர்விக்கும் தண்ணீரை வடிக்கவேண்டும். அவ்வப்போது எந்திரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றவேண்டும். ரப்பர் குழாய்கள் ஓட்டம் இல்லாமலே வெடிக்கும். ஒயர்களை எலி பார்த்துக்கொள்ளும். செம்பை மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள். வருடம் ஒரு தடவை பெயிண்ட் அடித்து ரிப்பன் வெட்டுவதைப் பாதுகாப்பு என்று சொல்லக்கூடாது. கூரை வேண்டும், எந்திரம் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். கூரைக்குப் பணம் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அந்த இரண்டு பேர் கிடைக்கமாட்டார்கள்.

பாதுகாக்கச் சிறந்த வழி ஓட்டிக்கொண்டிருப்பதுதான் என்பதற்கு இலங்கையைச் சொல்லலாம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா கொடுத்த எம்-2 டீசல்களுக்கு ஒன்டாரியோ, ஆல்பர்ட்டா, மானிடோபா என்று கனடா மாகாணங்களின் பெயர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்த ரயிலை இழுத்து வந்தது 591ஆம் எண் மானிடோபா. இன்ஜினும் தூக்கி வீசப்பட்டது. அதை உடைத்து விற்றிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எடுத்துப் போய்ச் செப்பனிட்டு மறுபடி ஓட விட்டார்கள். ஆண்டு நினைவு நாளில் அதே இன்ஜின் அந்த இடத்துக்குப் போய் நின்றதுண்டு. ஐம்பது வயது தாண்டிய பழைய இரும்பை அவ்வளவு பாடுபட்டுத் திருப்பிக் கொண்டுவந்ததற்கு எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதினார்களோ.

நமக்கு வித்தை தெரியாது என்றும் சொல்லமுடியாது. நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதற்காகப் பொன்மலையில் நீராவி இன்ஜின்களையே புதிதாகக் கட்டிக் கொடுத்தார்கள். கொதிகலன் முதல் செய்ய முடிந்த கைகளுக்கு ஒரு டபிள்யூடிஎம்-2ஐ ஓடும் நிலையில் வைத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. சென்னை பெரம்பூரில் 2002 முதலும், திருச்சியில் 2014 முதலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. 2007 நவம்பரில் சேலம் தனிக் கோட்டமானது. மலை ரயிலும் இந்தக் கோட்டத்தில்தான் வருகிறது. ஈரோட்டு ஷெட்டில் வளர்ந்த அகலப்பாதை டீசல் ஒன்று, மீட்டர்கேஜ் டீசல் ஒன்று, இரண்டையும் ஒரு கூரையின் கீழ் சேலத்தில் வைத்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து காட்டினால் எவ்வளவு செலவாகும்? ஏற்காடு பஸ் ஏறுமுன் இரண்டு மணி நேரம் சேலத்தில் சும்மா நிற்கும் சுற்றுலாப் பயணிகளிடம் டிக்கெட் வாங்கினாலே டீசல் காசு வந்துவிடும் என்று நினைக்கிறேன். பட்ஜெட் போட்டுக் காட்டச் சொன்னால் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று. இன்ஜினை மட்டும் வைத்தால் பாதிதான். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஷெட்டில் பதிவேடு இருக்கும். எந்தத் தேதியில் எந்த பாகம் மாற்றினார்கள், எங்கே நின்றுபோனது, டிரைவர் என்ன குறை எழுதினார், ஃபிட்டர் என்ன பதில் எழுதினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கண்டம் ஆகும்போது இரும்புக்காவது ஏலம் உண்டு, இந்தக் காகிதத்துக்கு அதுவும் கிடையாது. முப்பத்தைந்து ஆண்டு பேரேடு எழுதியவனுக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

நம் குடியிருப்பிலேயே ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஷெட்டிலோ, பணிமனையிலோ, ஃபுட்பிளேட்டிலோ வேலை பார்த்தவர்கள், அவர்கள் வீட்டார், யாரானாலும் சரி. பழைய போட்டோ, வேலைக் குறிப்பு நோட்டு, பயிற்சிப் புத்தகம் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நான் நூலக அறையில்தான் இருப்பேன். செல்போனில் குரல் பதிவு செய்யத் தெரிந்த ஒரு இளைஞர் துணைக்கு வந்தால் நல்லது. அந்த ஃபிட்டர் செய்து காட்டிய மாதிரி பதினாறு சிலிண்டர் சத்தத்தை வாயால் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரை முதலில் பதிவு செய்யவேண்டும்.