மனச்சோர்வும் உறவுச் சிக்கல்களும்

இரண்டு வாரமோ அதற்கு மேலோ விலகாத துயரம், எதிலும் நாட்டமின்மை, தூக்கக்கேடு, அளவு மீறிய குற்றவுணர்வு ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். நெருங்கியவர்களோடு விழும் விரிசலும் கூடவே வரும். மருத்துவருக்கு முன்பே அது வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

சிறு விஷயத்துக்கும் கலங்கும் இயல்புள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஜெர்மன் மனநல மருத்துவர் ஹூபர்டஸ் டெலன்பாக் 1961-இல் வேறொரு வகையினரை விவரித்தார்: ஒழுங்கு தவறாதவர்கள், கடமையே கண்ணானவர்கள். ஊரே பொறுப்பானவர் என்று மெச்சும் ஒருவர் நொடிந்துபோவதும் உண்டு என்பதற்கு அந்த விவரிப்பே சான்று. அமெரிக்கரான ஏரன் பெக், பிறர் அன்பை நம்பி வாழ்வோரை உறவு முறிவும், தன் சாதனையை நம்பி வாழ்வோரைத் தோல்வியும் அதிகம் வீழ்த்தும் என்றார்.

நோய் வந்தபின் நடப்பது இன்னும் வேதனையானது. 1976-இல் ஜேம்ஸ் காய்ன் நடத்திய ஆய்வில் 45 கல்லூரி மாணவிகள் முன்பின் அறியாத ஒருவருடன் 20 நிமிடம் தொலைபேசியில் பேசினர். மனச்சோர்வு நோயாளிகளுடன் பேசியவர்களுக்கு மனம் கனத்தது; மறுபடி பேசும் விருப்பமும் குறைந்தது. இருபது நிமிடத்துக்கே இப்படியென்றால், ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும் கணவனையோ மனைவியையோ நினைத்துப் பார்க்க வேண்டும். "என்மேல் கோபமா?" என்று நோயாளி கேட்கிறார். இல்லை என்ற பதிலை அவரால் நம்ப முடிவதில்லை, மீண்டும் கேட்கிறார். பதில் சொல்பவர் சலித்துக்கொள்ளும்போது, தான் வேண்டாதவர் என்ற அச்சம் உறுதியாகிவிடுகிறது. இப்படி நோயே புதிய பூசல்களைப் பிறப்பிப்பதை 1991-இல் கான்ஸ்டன்ஸ் ஹாமென் பதிவு செய்தார்.

இதைக் குணக்கேடு என்பது அநியாயம். குணமாகும்போது, பிறவிக்குணம் போலத் தெரிந்த கலக்கமும் பெருமளவு தணிகிறது.

நோயும் உறவுகளும் ஒன்றையொன்று பாதிப்பதால், ஜெரால்ட் கிளர்மனும் மிர்னா வைஸ்மனும் உறவுகளையே மையமாக வைத்து ஓர் உளச்சிகிச்சையை உருவாக்கினர். இழப்புத் துயரம், உறவுப் பிணக்கு, வாழ்க்கைநிலை மாற்றம், தனிமை ஆகிய நான்கில் எது நோயோடு பின்னிக் கிடக்கிறது என்று அதில் தேடுவார்கள். உகாண்டாவின் 30 கிராமங்களில் நடந்த ஆய்வொன்றில், ஒரு பகுதிக் கிராமங்களில் மட்டும் ஆய்வாளர்கள் இதே சிகிச்சையைக் குழுக்களாக 16 வாரம் நடத்திப் பார்த்தனர். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2003-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சை பெற்றவர்களில் மனச்சோர்வு உள்ளோர் 86 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைந்தனர். பெறாத கிராமங்களில் 94-இலிருந்து 54.7 சதவீதமாக மட்டுமே குறைந்தனர். இக்குழுமுறைக்கான கையேட்டை உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்டது.