சிவசமுத்திரம் முதல் லே வரை

மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் நேயர்கள், மைசூர் எல்லையில் பாலாற்றைக் கடந்திருப்பர். அவ்வாறு சேருமிடமாகிய காவிரியை எதிர்த்து மேலே சென்றால் சிவசமுத்திர அருவியைக் காணலாம். நம் நாட்டில் மின்சாரம் நெடுந்தொலைவு செல்லத் தொடங்கியது அங்கிருந்தேயாம். சேஷாத்திரி ஐயர் திவானாக இருந்த காலத்தில் வகுக்கப்பட்ட திட்டம், 1902ஆம் ஆண்டில் நிறைவேறியது. 92 மைல் கடந்து வந்த மின்சாரம் கோலார் தங்கச் சுரங்கங்களை இயக்கிற்று. அச்சுரங்கங்களில் உழைத்தோருள் தமிழகத்திலிருந்து குடியேறிய நம்மவர் பல்லாயிரவர்.

தொலைவு மிகுந்தால் கம்பியில் இழப்பும் மிகும். மின்னழுத்தத்தை உயர்த்தினால் அவ்விழப்புக் குறையும். அன்று அவ்வழுத்தம் ஏறத்தாழ 30,000 வோல்ட்டு.

மைசூர்க் கம்பி வெயிலையும் மழையையும் கண்டதேயன்றி உறைபனியைக் கண்டதில்லை. அதே முறையைப் பனிமலையில் கையாண்டால் என்ன நேரும்? லடாக்கில் இவ்வினாவுக்கு விடை காணலாம். ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லே நகர் வரை, ஏறத்தாழ 335 கிலோமீட்டர் நீளமுள்ள 2,20,000 வோல்ட்டுப் பாதை 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

குளிர் மின்சாரத்துக்குப் பகையா? அன்று. உலோகக் கம்பி குளிர்ந்தால் மின்சாரம் மேலும் எளிதாகவே பாயும். துன்புறுவன கருவிகளே. கம்பி சுருங்கி, கோபுரங்களை வலிந்து இழுக்கும். மின்மாற்றியின் எண்ணெய் தடித்து ஓட்டம் தளரும். மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கர்களில் சல்பர் ஹெக்சாபுளோரைடு என்னும் வாயுவை அழுத்தி நிரப்புவர். உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி அளவில் அது திரவமாக மாறத் தொடங்கும். வாயுவின் அடர்த்தி குறைந்தால், துண்டிக்கும்போது எழும் மின்பொறியை அணைக்கும் ஆற்றலும் குறையும். ஆதலின் ஓர் எல்லைக்குக் கீழே கருவி இயங்காதவாறு தடுத்துவிடுவர்.

இதற்குப் பரிகாரமாக வாயுக் கலங்களைச் சுற்றி வெப்பமூட்டிகளை அமைப்பர். கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளில் வேறு வாயுவைக் கலந்து நிரப்புவதும் உண்டு. ஆயினும் ஓர் இடர் எஞ்சி நிற்கிறது. மின்சாரம் நின்றால் வெப்பமூட்டியும் நின்றுவிடும். கருவி குளிர்ந்தபின் அதை மீண்டும் இயக்குவது எளிதன்று. ஆகவே துணை மின்வழியை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

அருவியின் ஆற்றலைச் சுரங்கத்துக்குக் கொண்டு சேர்த்தது அன்றைய அருஞ்செயல். அவ்வாற்றலைப் பனிக்கு நடுவே அணையாமல் காப்பது இன்றைய அருஞ்செயல். லடாக்கின் மாரிக்கால இரவில் ஒரு மருத்துவமனையில் விளக்கு எரியுமாயின், அதன் பின்னே உறங்காத கண்கள் சில உள்ளன என்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.