சுகன்யா (இசைநாடகம்)

சுகன்யா என்பது சித்தார் இசைக் கலைஞர் ரவி சங்கர் (1920–2012) இயற்றிய இசைநாடகம் (ஓப்பரா) ஆகும். மகாபாரதத்தின் வன பருவத்தில் இடம்பெறும் சுகன்யா – சியவனர் கதையை அடிப்படையாகக் கொண்டது. இதன் ஆங்கிலப் பாடல்வரிகளை எழுத்தாளர் அமித் சௌத்ரி எழுதினார். ரவி சங்கர் மறைந்தபோது முற்றுப்பெறாதிருந்த இப்படைப்பை, அவருடைய மாணவரும் இசைக்குழு நடத்துநருமான டேவிட் மர்பி நிறைவு செய்தார். 2017 மே 12 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள கர்வ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. இலண்டன் ராயல் ஓப்பரா, இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு, கர்வ் அரங்கம் ஆகிய மூன்றும் இணைந்து இதனைத் தயாரித்தன.

பெயர்

கதைத்தலைவியின் பெயரே இசைநாடகத்தின் பெயராயிற்று. இது ரவி சங்கரின் மனைவியின் பெயரும் ஆகும். சுகன்யா ராஜன் சென்னைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், தம்புராக் கலைஞர். இருவரும் 1989-இல் திருமணம் செய்துகொண்டனர். ரவி சங்கர் தம் மனைவியைவிட முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். முதிய முனிவருக்கும் இளம் அரசகுமாரிக்கும் இடையிலான புராணக் கதையை அவர் தேர்ந்துகொண்டதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

கதைச் சுருக்கம்

பிருகு முனிவரின் மகனான சியவனர் ஓர் ஏரிக்கரையில் நெடுங்காலம் அசையாது தவம் செய்கிறார். அவரைச் சுற்றிப் புற்று வளர்ந்து உடலை மூடிவிடுகிறது. அவ்வழியே வரும் சர்யாதி மன்னனின் மகள் சுகன்யா, புற்றின் இடையே மின்னும் இரண்டு ஒளிப்புள்ளிகளைக் கண்டு, அவை முனிவரின் கண்கள் என்பதை அறியாமல் முள்ளால் குத்திவிடுகிறாள். முனிவரின் சினத்தால் மன்னனின் படைக்குத் துன்பம் நேர்கிறது. அதைப் போக்க, மன்னன் தன் மகளை அவருக்கு மணம் செய்து தருகிறான்.

பின்னர் தேவ மருத்துவர்களான அசுவினி இரட்டையர் சுகன்யாவைக் கண்டு, முதிய கணவரை விட்டுத் தங்களுள் ஒருவரை ஏற்குமாறு கேட்கின்றனர். அவள் மறுக்கிறாள். சியவனரைத் தாங்கள் இளைஞராக்குவதாகவும், அதன்பின் மூவருள் ஒருவரை அவள் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றும் அவர்கள் நிபந்தனை வைக்கின்றனர். மூவரும் நீரில் மூழ்கி ஒரே தோற்றத்துடன் எழுகின்றனர். சுகன்யா தன் கணவரைச் சரியாக அடையாளம் காண்கிறாள்.

மகாபாரதத்தில் இக்கதை இதன் பின்னும் தொடர்கிறது. தமக்கு இளமை தந்த அசுவினி இரட்டையருக்குச் சியவனர் வேள்வியில் சோம பானத்தின் பங்கைப் பெற்றுத் தருகிறார். தடுக்க வந்த இந்திரன் பணிய நேர்கிறது.

உருவாக்கம்

ரவி சங்கருக்கு மேற்கத்திய மேடை புதிதன்று. 1930-இல், தம் பத்தாவது வயதில், அண்ணன் உதய சங்கரின் நடனக் குழுவுடன் அவர் பாரிசு சென்றார். 1938-இல் நடனத்தை விட்டு மைகார் நகரில் அலாவுதீன் கானிடம் சித்தார் பயிலத் தொடங்கினார். பிற்காலத்தில் மேற்கத்திய இசைக்குழுவுக்காக அவர் இயற்றியவற்றுள் 1971-இல் அரங்கேறிய முதல் சித்தார் கன்செர்ட்டோவும், 1981-இல் அரங்கேறிய 'ராக மாலா' என்னும் இரண்டாவது கன்செர்ட்டோவும் குறிப்பிடத்தக்கவை.

2010 ஜூலை 1 அன்று இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அனுஷ்கா சங்கர் சித்தார் வாசிக்க, டேவிட் மர்பி இலண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தினார். ரவி சங்கர் இந்தியச் சுரக் குறிப்புகளாகத் தந்தவற்றை மேற்கத்திய இசைக் குறியீட்டுக்கு மாற்றும் பணியை அப்போது மர்பியே செய்தார். இக்கூட்டுமுறையே சுகன்யாவிலும் தொடர்ந்தது.

2012 டிசம்பர் 11 அன்று ரவி சங்கர் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளையும், அவரோடு பேசி முடிவு செய்தவற்றையும் கொண்டு, அனுஷ்கா சங்கரின் உதவியுடன் மர்பி இசைவடிவத்தை முழுமையாக்கினார்.

இசை

வயலின், குழல் முதலிய கருவிகளைக் கொண்ட முழு மேற்கத்திய இசைக்குழுவுடன் சித்தார், ஷெனாய், தபலா, மிருதங்கம், கடம் ஆகியவையும் இதில் இசைக்கப்படுகின்றன. பாடகர்கள் மேற்கத்திய இசைநாடகப் பயிற்சி பெற்றவர்கள். கருநாடக இசையின் கொன்னக்கோலும் இடம்பெறுகிறது. தாளச் சொற்கட்டுகளை வாயால் ஒலிப்பதே கொன்னக்கோல் ஆகும்.

இந்துஸ்தானி மரபில் வந்தவராயினும் ரவி சங்கர் கருநாடக இசையிலிருந்து பலவற்றை எடுத்தாண்டவர். சாருகேசி, வாசஸ்பதி, கீரவாணி, சிம்மேந்திரமத்தியமம் முதலிய இராகங்களை வடஇந்திய மேடைகளில் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இராகத்தையும் மேற்கத்திய இசைக்குழுவையும் இணைப்பதில் இரண்டு அடிப்படைச் சிக்கல்கள் உள்ளன.

1. ஒத்திசை: மேற்கத்திய இசையில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்து, அவற்றின் கூட்டு மாறுவதால் இசை நகர்கிறது. இராகமோ ஒற்றை இன்னிசை. மாறாத ஆதார சுருதியின்மேல் நிற்பது. கூட்டுச்சுரங்களைத் தாராளமாகச் சேர்த்தால் ஆதார சட்சம் இடம்பெயர்ந்ததுபோல் செவிக்குத் தோன்றி, இராகத்தின் உருவம் குலையக்கூடும்.
2. கமகம்: இராகத்தில் சுரம் ஒரு புள்ளியன்று; அசைவுகளோடு கூடிய ஒரு பாதை. மேற்கத்தியக் குறியீடு சுரத்தின் இடத்தையும் கால அளவையும் துல்லியமாகக் காட்டும். அசைவை ஓரளவே காட்டும்.

எழுத்தும் வாய்மொழியும்

தமிழிலும் பாடல்களால் கதை சொல்லும் மரபு உண்டு. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனை, கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஆகியவை எடுத்துக்காட்டுகள். இவற்றில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருந்தாலும் பாடும் முறை ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்மொழியாகவே வருகிறது. இராகக் குறிப்பு மட்டும் எஞ்சி, மெட்டு மறைந்துபோன பாடல்கள் தமிழில் பல. கவிராயரின் பல பாடல்களுக்கு இருபதாம் நூற்றாண்டில் புதிதாக மெட்டமைக்க நேர்ந்தது இதனாலேயே ஆகும்.

மேற்கத்திய இசைநாடகம் இதற்கு மாறானது. ஒவ்வொரு கருவியும் குரலும் இசைக்கவேண்டிய ஒவ்வொரு சுரமும் முன்னதாகவே எழுதப்படுகிறது. ஆதலால் படைத்தவர் மறைந்தபின்னும் பிறர் அதை நிறைவு செய்யவோ நிகழ்த்தவோ முடியும். 1924-இல் புச்சினி மறைந்தபோது முடியாதிருந்த 'துராந்தோத்' இசைநாடகத்தை பிராங்கோ அல்பானோ நிறைவு செய்ததும் இவ்வாறே. சித்தார் கச்சேரியில் ரவி சங்கர் அன்றன்று கற்பனையாக விரித்த இராகங்கள் ஒலிப்பதிவுகளில் மட்டுமே எஞ்சுகின்றன. சுகன்யாவோ அவர் இல்லாமலும் பிறர் நிகழ்த்தக்கூடிய படைப்பாக எழுத்தில் நிற்கிறது. அதேவேளை, நிறைவு செய்தவரின் கை எங்கே தொடங்குகிறது என்பதைக் கேட்பவர் பிரித்தறிவது எளிதன்று.

அரங்கேற்றம்

லெஸ்டருக்குப் பின் சால்போர்டு, பர்மிங்காம் நகரங்களிலும், 2017 மே 19 அன்று இலண்டன் ராயல் பெஸ்டிவல் அரங்கிலும் சுகன்யா நிகழ்த்தப்பட்டது. சுபா தாஸ் இயக்கினார்; டேவிட் மர்பி இசைக்குழுவை நடத்தினார். ஆகாஷ் ஒதேத்ரா நடனக் குழுவும் பி.பி.சி. பாடகர் குழுவும் பங்கேற்றன. இசைக்குழு மேடையிலேயே அமர்ந்திருக்க, அதனோடு நடிப்பும் நடனமும் இணைந்த அரைமேடை அமைப்பில் இது நிகழ்ந்தது.

முதன்மைப் பாத்திரங்களும் பாடியவர்களும்:

* சுகன்யா – சூசன்னா ஹரல் (சொப்ரானோ)
* சியவனர் – அலோக் குமார் (டெனர்)
* சர்யாதி மன்னன் – கீல் வாட்சன் (பாஸ்-பாரிடோன்)
* அசுவினி இரட்டையர் – மிஷெல் டி சூசா, ஞாபுலோ மட்லாலா (பாரிடோன்)

தயாரிப்பில் பங்கேற்ற ராயல் ஓப்பரா, இலண்டன் கோவன்ட் கார்டனிலுள்ள ராயல் ஓப்பரா அவுசைச் சேர்ந்த நிறுவனம். அவ்விடத்தில் முதல் அரங்கு 1732-இல் திறக்கப்பட்டது. 1808, 1856 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பின் 1858-இல் திறக்கப்பட்ட மூன்றாவது அரங்கே இன்றுள்ளது. 2017-இல் சுகன்யா அந்த அரங்கில் அன்றி, மேற்கூறிய நான்கு நகரங்களின் பிற அரங்குகளிலேயே நிகழ்ந்தது. இந்நிறுவனம் 2024 முதல் ராயல் பாலே அண்டு ஓப்பரா என அழைக்கப்படுகிறது.

இந்தியக் கருப்பொருள் கொண்ட பிற இசைநாடகங்கள்

* லக்மே (1883) – லியோ தெலிப். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் நிகழும் கதை.
* சாவித்திரி (1916) – குஸ்தாவ் ஹோல்ஸ்ட், மகாபாரதக் கதை. மூன்று பாடகர்களும் பன்னிரண்டு இசைக்கலைஞர்களும் சொற்களின்றிப் பாடும் பெண்கள் குழுவும் மட்டுமே கொண்ட சிற்றரங்க இசைநாடகம்.
* பத்மாவதி (1923) – ஆல்பேர் ரூசெல். சித்தூர் அரசி பத்மினியின் கதை.
* சத்தியாகிரகா (1980) – பிலிப் கிளாஸ், தென்னாப்பிரிக்காவில் காந்தி. பகவத் கீதையின் சமற்கிருதச் சுலோகங்களே பாடல்வரிகள்.

இவை மேற்கத்திய இசையமைப்பாளர்கள் இந்தியக் கதையையோ தத்துவத்தையோ எடுத்தாண்ட படைப்புகள். இராக மரபிலேயே வளர்ந்த ஒருவர் அவ்வடிவத்தை எடுத்தாண்டது சுகன்யாவின் சிறப்பாகும்.