பேட்டரி யாருடையது, பிளக் யாருடையது?

1897 மார்ச்சில் நியூயார்க் தெருக்களில் மின்சார டாக்ஸி ஓட ஆரம்பித்தது. தட்டச்சுப் பிழை எல்லாம் கிடையாது, 1897 தான். ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் இரண்டு பேர், ஹென்றி மோரிஸ், பெட்ரோ சாலம் என்று பெயர். 1894-லேயே 'எலக்ட்ரோபாட்' என்று ஒரு மின்சார வண்டியைச் செய்து ஓட்டிப் பார்த்தவர்கள். குதிரை வண்டியிலிருந்து குதிரையை மட்டும் அவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும் ஒரு டஜன் வண்டிகளோடு மன்ஹாட்டனில் கடை விரித்தார்கள்.

வண்டியை விட அவர்களுடைய ஷெட்தான் எனக்குப் பிடித்த விஷயம். ஒவ்வொரு வண்டியிலும் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள ஈய-அமில பேட்டரி. (வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அந்த வகையறாதான்.) தீர்ந்துவிட்டால் மறுபடி சார்ஜ் ஏற மணிக்கணக்காகும். டாக்ஸி நின்றால் வருமானமும் நின்றது. அதனால் வண்டியை ஷெட்டுக்குள் விட்டு, பேட்டரிப் பெட்டியை அப்படியே உருவி, கிரேனில் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, சார்ஜ் ஏறிய இன்னொன்றை உள்ளே தள்ளி அனுப்பிவிடுவார்கள். சில நிமிட வேலை. இன்றைக்கு 'பேட்டரி ஸ்வாப்பிங்' என்று பவர்பாயிண்ட் போட்டுக் காட்டுகிறார்களே, அதே சங்கதி.

1899-ல் இந்தத் தொழில் வில்லியம் விட்னி என்ற பெரும் பணக்காரர் கைக்குப் போனது. எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி. ஊருக்கு ஊர் கிளை, ஆயிரக்கணக்கில் வண்டி என்று திட்டம். அந்த வருடம் மே மாதம் அவர்களுடைய டிரைவர் ஒருவரை, ஜேகப் ஜெர்மன் என்று பெயர், மணிக்கு 12 மைல் வேகத்தில் பறந்ததற்காகப் போலீஸ் பிடித்தது. அமெரிக்காவில் வேகமாகக் கார் ஓட்டி மாட்டிய முதல் ஆள் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 12 மைல்! நம்மூர் டவுன் பஸ் சிரிக்கும்.

கம்பெனி ஏன் படுத்தது? பேட்டரி பராமரிப்பு சரியில்லை, பங்குச்சந்தை விளையாட்டு அதிகம், மோசடியாகக் கடன் வாங்கினார்கள் என்று நியூயார்க் ஹெரால்டு பத்திரிகை எழுதிக் கிழித்தது. (வங்கிக்காரன் கண் இங்கேதான் நிற்கும்.) 1907-ல் திவால். மின்சார கார் என்றாலே ஏமாற்று வேலை என்ற கெட்ட பெயர் மட்டும் மிஞ்சியது.

நிற்க. 1900 வாக்கில் அமெரிக்காவில் ஒரு வருடத்தில் தயாரான கார்கள் 4,192. அதில் நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் வெறும் 936. ரேஸில் கடைசியாக ஓடியவன் எப்படி ஜெயித்தான்? பள்ளிக்கூடத்துப் பதில்: 1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது, 1912 காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது, கைப்பிடியைச் சுழற்றி முழங்கையை உடைத்துக்கொள்ளும் தொல்லை ஒழிந்தது. அந்த வருடம் பெட்ரோல் கார் 650 டாலர், சாதாரண மின்சார கார் 1,750 டாலர். பதில் சரிதான். ஆனால் பாதிதான்.

மீதிப் பாதி பிளக் பாயிண்டில் இருக்கிறது. பெட்ரோலை டின்னில் அடைத்து மளிகைக் கடையில் கூட விற்கலாம், விற்றார்கள். மின்சாரத்தை டின்னில் அடைக்க முடியாது. 1920-ல் கூட அமெரிக்க வீடுகளில் சுமார் மூன்றில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு. இருந்த ஊர்களிலும் ஒரு ஊரில் டிசி, இன்னொரு ஊரில் ஏசி. பேட்டரிக்கோ டிசி மட்டும்தான் இறங்கும். ஏசி ஊரில் கார் வைத்திருந்தவர் ஷெட்டில் ஒரு ரெக்டிஃபையரும் வைத்திருக்க வேண்டும். பீட்டர் கூப்பர் ஹெவிட் 1902-ல் கண்டுபிடித்த பாதரச ரெக்டிஃபையர் அந்தக் காலத்தில் பிரபலம். பெரிய கண்ணாடிக் குடுவை, உள்ளே நீல வெளிச்சம். படத்தில் பார்த்தால் விட்டலாச்சார்யா பட மந்திரவாதி செட் மாதிரி இருக்கும்.

இன்றைக்கும் விவகாரம் இதுவேதான் என்பதைக் கார் வாங்குகிறவர்கள் பலருக்கு யாரும் சொல்வதில்லை. வீட்டு 15 ஆம்ப் பாயிண்டிலிருந்து வருவது ஏசி. அதை டிசியாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாயிண்டில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட்தான் ஏறும், 30 யூனிட் பேட்டரி என்றால் ராத்திரி முழுக்க. நெடுஞ்சாலையில் இருக்கும் 60 கிலோவாட் வேகச் சார்ஜரில் அந்த மாற்றும் வேலை பெட்டிக்குள்ளேயே நடந்து நேராக டிசி வருகிறது. பெட்டி பீரோ சைஸில் இருப்பதும், லட்சங்களில் விலை போவதும் அதனால்தான். அதுவும் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் குறைந்துவிடும். மீதி 20-க்காகக் காத்திருப்பது பின்னால் வரிசையில் நிற்பவரின் சாபத்தைத்தான் சம்பாதித்துத் தரும்.

காசு போட்டால் மின்சாரம் தரும் தெருவோரக் கம்பம் ஒன்றை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி அப்போதே யோசித்தது. தீயணைப்புக்காரர்களின் ஹைட்ரன்ட் போல இருப்பதால் 'எலக்ட்ரன்ட்' என்று பெயர். ஊரெங்கும் பரவவில்லை. ஏன் என்று கேட்டால் என் தொழில் புத்தி ஒரே பதில்தான் சொல்கிறது: கம்பம் நட முதல் போடுபவர் ஒருவர், அங்கே கார் வருமா என்பது இன்னொருவர் கையில்.

இதைத் தாண்டி ஒருவர் ஜெயித்த கதையும் உண்டு, அதுதான் நான் சொல்ல வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபர்ட் என்று ஒரு ஊர். அங்கே மின்சாரம் விற்ற ஹார்ட்ஃபர்ட் எலக்ட்ரிக் லைட் கம்பெனி 1910-களில் ஒரு திட்டம் நடத்தியது. நீங்கள் மின்சார லாரியை பேட்டரி இல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறையும். பேட்டரி எங்களுடையது. மாதம் ஒரு நிலையான கட்டணம், ஓடிய மைலுக்கு இவ்வளவு. தீர்ந்தால் வாருங்கள், மாற்றித் தருகிறோம். பழுதானால் எங்கள் பாடு.

கணக்கைப் பாருங்கள். லாரிக்காரருக்குப் பெரிய பயம், இந்த பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பது. அந்தப் பயத்தை, பேட்டரியைப் பற்றித் தெரிந்த ஆள் தன் தலையில் எடுத்துக்கொண்டான். அவனுக்கு என்ன லாபம்? மின் நிலையத்தில் ராத்திரி ஊர் தூங்கும்போது இயந்திரம் பாதி சும்மா நிற்கும். அந்த நேரத்தில் பேட்டரிக்கு ஏற்றினால் சும்மா கிடந்த முதலுக்கு வருமானம். லாரி வேறு தினமும் அதே ஊருக்குள் சுற்றி அதே ஷெட்டுக்குத் திரும்பும், வாடிக்கையாளர் நிச்சயம். 1924 வரை நடந்தது, மொத்தம் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் கணக்கு உதைக்காமல் ஓடிய தொழில் அது.

2024 செப்டம்பரில் ஜேஎஸ்டபிள்யூ எம்ஜி கம்பெனி வின்ட்சர் காரை 9.99 லட்சத்துக்கு அறிவித்து, பேட்டரிக்குத் தனியாகக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்றபோது ஆபீஸில் எல்லோரும் புதுமை என்றார்கள். எனக்கு ஹார்ட்ஃபர்ட்தான் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம், ஹார்ட்ஃபர்டில் பேட்டரியைக் கொடுத்தது மின்சாரம் விற்பவன். இங்கே அந்த இடத்தில் நிதி நிறுவனங்கள் உட்கார்ந்திருக்கின்றன. காருக்கு ஒரு கடன், பேட்டரிக்கு இன்னொரு ஏற்பாடு. வாங்குகிறவர்கள் தயவுசெய்து இரண்டு தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். மாதக் குறைந்தபட்சம் எவ்வளவு, பாதியில் விற்றால் யார் யாருக்கு என்ன தரவேண்டும் என்பதெல்லாம் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1993-ல் 'லவ்பேர்ட்' என்று இரண்டு பேர் உட்காரும் மின்சார கார் ஒன்று வந்தது, சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் செய்தார்கள். மின்வெட்டுக் காலம், மெல்ல மறைந்தது. 2001-ல் பெங்களூரிலிருந்து சேத்தன் மைனியின் ரேவா வந்தது. ஈய-அமில பேட்டரிதான், ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் என்று சொன்னார்கள், சாதா 15 ஆம்ப் பாயிண்ட் போதும். வேடிக்கை என்னவென்றால், இந்த பெங்களூர் கார் 'ஜீ-விஸ்' என்ற பெயரில் லண்டனில்தான் பேர் வாங்கியது. அங்கே 2003-ல் நகருக்குள் நுழையக் கட்டணம் போட்டார்கள், மின்சார காருக்கு அப்போது அது இல்லாமல் இருந்தது. 2010-ல் மஹிந்திரா ரேவாவை வாங்கியது. சேத்தன் மைனி பின்னால் 2017-ல் சன் மொபிலிட்டி என்று ஆரம்பித்தார். என்ன தொழில் என்கிறீர்கள்? பேட்டரி மாற்றித் தருவது. மோரிஸும் சாலமும் சொர்க்கத்தில் சிரித்திருப்பார்கள்.

பொதுச் சார்ஜர் விஷயத்தில் நாம் பல வருடம் சிக்கிக் கிடந்தது ஒரு சட்டக் கேள்வியில். 2003 மின்சாரச் சட்டப்படி மின்சாரத்தை விற்க லைசென்ஸ் வேண்டும். டீக்கடைக்காரர் ஒருவர் வாசலில் பாயிண்ட் வைத்துக் காசு வாங்கினால் அது விற்பனையா, சேவையா? சேவைதான் என்று மத்திய மின்துறை அமைச்சகம் விளக்கம் கொடுத்தது 2018 ஏப்ரலில். அதன் பிறகுதான் கதவு திறந்தது. அந்த வருடக் கடைசியில் வந்த வழிகாட்டுதலில் நகரத்தில் 3-க்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று குறி வைத்தார்கள். (சேவை என்று ஆனதும் ஜிஎஸ்டி வராதா? வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, பொதுச் சார்ஜருக்கு 18 சதவீதம் என்று 2023-ல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது.) 2024 பிப்ரவரியில் நாட்டில் பொதுச் சார்ஜிங் நிலையங்கள் 12,146.

டிசி ஊர், ஏசி ஊர் கூத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை. 2017-ல் பாரத் டிசி-001 என்று 15 கிலோவாட் தரம் ஒன்று வகுத்தோம், அரசு வாங்கிய கார்களுக்கு அது பொருந்தியது. 2019-ல் ஹூண்டாய் கோனாவும் 2020-ல் டாடா நெக்ஸானும் வந்தபோது அவை சிசிஎஸ்-2 பிளக்கோடு வந்தன. பழைய பெட்டிகள் பல, கனெக்‌ஷன் இருந்தும் ஆள் வராத கோயில் மாதிரி ஆகிவிட்டன.

சார்ஜிங் நிலையம் வைக்கக் கடன் கேட்டு வரும் புராஜக்ட் ரிப்போர்ட்களைப் படிப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. ஒன்றில் 60 கிலோவாட் சார்ஜர் தினம் 8 மணி நேரம் ஓடும் என்று போட்டிருந்தார்கள். 480 யூனிட். ஒரு கார் 24 யூனிட் ஏற்றிக்கொள்ளும் என்று வைத்தால் தினம் 20 கார், ஞாயிறு திங்கள் பாராமல். அந்தச் சாலையில் அத்தனை மின்சார கார் போகிறதா என்று கேட்டேன். வரும் சார் என்றார். வரலாம். அதுவரை டிரான்ஸ்ஃபார்மருக்கும் சாங்ஷன் லோடுக்கும் பணம் கட்டியாக வேண்டுமே. கார் வராத நாளிலும் வட்டி வரும். பொதுச் சார்ஜரில் யூனிட் விலை வீட்டைப் போல இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் என்று திட்டுகிறவர்கள் இந்தச் சும்மா நிற்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

ஆகவே வண்டி தூங்கும் இடத்திலேயே சார்ஜ் ஏறுவதுதான் மலிவு, அன்றும் இன்றும். தனி வீட்டுக்காரருக்குக் கவலை இல்லை. அபார்ட்மெண்ட்காரர்? நான் இருக்கும் புனேயில் எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் ஆறு மாதமாக இதுதான் சண்டை. நான்காவது மாடிக்காரர் கார் புக் செய்துவிட்டுத் தன் பார்க்கிங்கில் பாயிண்ட் போட அனுமதி கேட்டார். நெருப்புப் பிடிக்கும் என்றார் ஒருவர். பொது மீட்டரிலிருந்து எடுத்தால் நாங்கள் ஏன் கட்டவேண்டும் என்றார் இன்னொருவர், நியாயமான கேள்விதான். இருக்கும் இணைப்பிலிருந்தே வீட்டில் காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று 2022 ஜனவரி வழிகாட்டுதல் சொன்னது. 2019-ல் திருத்திய மாதிரிக் கட்டட விதிகள் பார்க்கிங்கில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதி கேட்கின்றன, ஆனால் அது புதுக் கட்டடத்துக்கு. எங்களுடையது அதற்கு முன் கட்டியது.

வங்கிக்காரன் என்பதால் கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் இரண்டு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, அவரவர் வீட்டு மீட்டரிலிருந்து அவரவர் செலவில் தனி கேபிள், தனி பிரேக்கர். நான்காவது மாடியிலிருந்து பேஸ்மெண்ட் வரை கேபிள் இழுக்கும் செலவு அவருடையது. பத்து பேர் இழுத்தால் சுவர் பூராவும் கேபிள்தான். இரண்டு, ஹார்ட்ஃபர்ட் வழி: சொசைட்டியே மின் வாரியத்தில் ஒரு தனி இணைப்பு வாங்கி, நான்கு பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் சப் மீட்டர், மாதம் ஒரு நிலையான தொகை, மேற்கொண்டு யூனிட்டுக்கு இவ்வளவு. நிலையான தொகையைக் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கட்டுவதா, எல்லோருமா என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. இப்போதைக்குக் கார் ஒன்று, பாயிண்ட் நான்கு. மற்ற மூன்றும் சும்மா நிற்கும் காலத்துக்கு யார் கட்டுவது என்று அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு.