நீரால் எடுத்த வெற்றித்தூண்

பழைய கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேச நேரும்போது நாம் பெரும்பாலும் மூன்று வினாக்களோடு அமைந்துவிடுகின்றோம். கட்டியவன் யார்? கட்டிய காலம் யாது? உயரம் எவ்வளவு? பரீட்சைத்தாளிலும் இம்மூன்றுக்குமே புள்ளிகள் கிடைக்கின்றன. எதற்காகக் கட்டினான், கட்டிய பின் அது என்ன தொழில் செய்தது என்னும் வினாக்களை மாணவரும் எழுப்புவதில்லை. ஆசிரியராகிய நாமும் எழுப்புவதில்லை. சோழர் எடுத்த நினைவுச் சின்னங்களை இவ்விரு வினாக்களையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சோழர் கட்டியவற்றுட் சில நமது நாட்டிலேயே நிற்கின்றன. அவற்றைப் பெருமையோடு நோக்குவோரும் உளர்; வெறுப்போடு நோக்குவோரும் உளர். இரு சாராரும் அவற்றைச் சரிவர நோக்கினரா என்பது ஐயத்திற்குரியது.

ஒப்புநோக்குதற்கு முதலில் உரோமாபுரியை எடுத்துக்கொள்வோம். நினைவுச் சின்னத்தை அரசாட்சியின் கருவியாகக் கையாளுவதில் உரோமர் வல்லவர். டான்யூப் ஆற்றுக்கு வடக்கேயிருந்த டேசியா நாட்டைக் கி. பி. 101 முதல் 106 வரையுள்ள காலத்தில் இரு போர்களால் அடிப்படுத்திய பேரரசன் திராயன், அவ்வெற்றியைக் குறித்து 113 ஆம் ஆண்டில் ஒரு தூணை நிறுவினான். பீடத்தோடு அதன் உயரம் ஏறக்குறைய 38 மீற்றர். போர் நிகழ்ச்சிகளைக் காட்டும் சிற்பவரிசை ஒரு கொடிபோல அதனைச் சுற்றி ஏறுகின்றது. அவ்வரிசையை நீட்டி விரித்தால் ஏறத்தாழ 200 மீற்றர் வரும் என்பர். திராயன் இறந்த பின் அவன் சாம்பல் அத்தூணின் பீடத்திலேயே வைக்கப்பட்டது. யெருசலேம் நகரைக் கி. பி. 70 இல் அழித்த தீத்துசுவின் பெயரால் எழுந்த வெற்றி வளைவில், அந்நகர்க் கோயிலிலிருந்து கவர்ந்த ஏழு கிளை விளக்கினை வீரர் தூக்கிச்செல்லும் காட்சி இன்றும் தெளிவாகக் காணப்படுகின்றது. தோற்றவனது வழிபாட்டுப் பொருள் வென்றவனது வீதியில் ஊர்வலமாகச் செல்கின்றது. வளைவின் கருத்து இதனினும் வெளிப்படையாக இருத்தல் இயலாது.

உரோமரிடத்தில் மற்றொரு பக்கமும் உண்டு. கி. பி. 97 இல் அந்நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற புரொன்டினசு என்பவர், நகருக்கு நீர் கொணர்ந்த ஒன்பது கால்வாய்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். பயன் ஒன்றுமின்றி நிற்கும் எகிப்தியப் பிரமிட்டுகளோடு தம் நகரின் கால்வாய்களை ஒப்பிட்டுப் பார்க்குமாறு அவர் அதிற் கேட்கிறார். அதிகாரி ஒருவர் தம் திணைக்களத்தைப் பற்றிக் கொண்ட செருக்கு எனினும் அதில் உண்மை உண்டு. ஆயினும் உரோமாபுரியிற் புகழுக்குத் தூண் வேறு. நீருக்குக் கால்வாய் வேறு. பெரும்பாலும் அவை தனித்தனியாகவே நின்றன.

சோழ நாட்டில் இவை இரண்டும் ஒன்றாயின. முதலாம் இராசேந்திரனின் படைகள் ஏறக்குறைய 1022, 1023 ஆம் ஆண்டுகளில் வடக்கே சென்று வங்காளம் வரை வென்று மீண்டன. தோற்ற அரசரைக் கொண்டு கங்கை நீரைச் சுமப்பித்துக் கொணர்ந்தனர் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. இராசேந்திரன் கொள்ளிடத்திற்கு வடக்கே புதிய தலைநகர் ஒன்றை அமைத்து அதற்குக் கங்கைகொண்ட சோழபுரம் எனப் பெயரிட்டான். நகரின் மேற்றிசையில் பெரியதோர் ஏரியை வெட்டுவித்துச் சோழகங்கம் எனப் பெயர் சூட்டினான். அவ்வேரியைச் செப்பேடு பாடிய புலவர் கங்கை நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கிறார். திராயன் கல்லில் நாட்டியதை இராசேந்திரன் நீரில் நாட்டினான்.

புலவர் கூற்று வெறும் அலங்காரம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் ஏரியின் கரை ஏறக்குறைய 16 மைல் நீளமுடையதாயிருந்தது என்று பிற்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அத்துணை நீளமான கரையை அலங்காரத்திற்காக எவரும் எழுப்பார். தூணை அண்ணாந்து பார்ப்பவன் அரசனை ஒருமுறை நினைப்பான்; ஏரியில் நீர் பாய்ச்சுபவன் ஒவ்வொரு போகத்திலும் நினைப்பான். பொலனறுவையிற் பராக்கிரமபாகு பன்னிரண்டாம் நூற்றாண்டில் தன் பெயரால் ‘சமுத்திரம்’ அமைத்ததும் இதே கருத்தினாலாகும். நமது காலத்தில், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழ் இங்கினியாகலையில் எழுந்த நீர்த்தேக்கமும் நாட்டின் முதற் பிரதமர் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் என வழங்குகின்றது. பட்டிப்பளை ஆற்றை மறித்த அந்த அணையின் நீரே சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனைப் பகுதி வயல்களுக்கு வருகின்றது. பெயர் சூட்டும் வழக்கம் மாத்திரம் ஆயிரம் ஆண்டுகளாக மாறவில்லை!

இராசேந்திரனின் தந்தையாகிய முதலாம் இராசராசன் தஞ்சையில் எழுப்பிய இராசராசேச்சரமும் இத்தகையதே. தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1010 இல், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக் குடத்தை அவன் அளித்தான். விமானத்தின் உயரம் 200 அடிக்கு மேற்பட்டது. கல்லே இல்லாத வண்டல் நிலத்தில் இவ்வளவு கருங்கல்லைக் கொண்டுவந்து அடுக்கியது வியப்புக்குரியதே. ஆனால் அக்கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளைப் படிப்போருக்கு உயரத்திலும் பார்க்கக் கணக்கே பெரிதாகத் தோன்றும். ஒரு திருவிளக்கு அணையாது எரிய 96 ஆடுகள் இடையரிடம் ஒப்புவிக்கப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். கோயிற் பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டு, ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்காற் காசு வட்டி பெறப்பட்டது; நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதமென்க. ஆடல் மகளிர் 400 பேர் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்டு வீடும் நெல்லும் பெற்றனர். காவலரையும் கணக்கரையும் ஊர்கள் அனுப்பின. இராசராசனது கோயில் நாட்டின் ஊர்கள் பலவற்றைத் தலைநகரோடு நாள்தோறும் பிணைத்து வைத்த ஒரு நிறுவனம். வழிபாடு, வங்கி, களஞ்சியம், கலைக்கூடம் ஆகிய யாவும் ஒரு மதிலுக்குள் இருந்தன.

அக்கணக்கில் நாமும் வருகின்றோம் என்பதை இலங்கை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். தஞ்சைக் கோயிலுக்கு வருவாய் அளிக்குமாறு இராசராசன் குறித்த ஊர்களுள் ஈழத்து ஊர்களும் உள்ளன. அவை நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் கொடுத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. தமிழர் பேரரசு என்று நாம் மார்பு தட்டும் அதே வேளையில், இந்நாட்டு உழவனின் நெல் கடல் கடந்து எவ்விளக்கிற்காகச் சென்றது என்றும் கேட்டல் நேர்மையாகும். ஐந்தாம் மகிந்தனை 1017 இல் இராசேந்திரன் படைகள் சிறைப்பிடித்தன. அவன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டிலிருந்து அங்கேயே இறந்தான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டன எனச் சூளவம்சம் வருந்திக் கூறுகின்றது. ஈழத்து முடியைக் கவர்ந்ததை இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமையாகவே சொல்லுகின்றது. தோற்றவன் கூற்றும் வென்றவன் கூற்றும் இங்கு முரண்படவில்லை. இராசேந்திரனின் மகன் இராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தை எரித்து அங்கிருந்து ஒரு துவாரபாலகர் சிலையைக் கொணர்ந்தான். அச்செய்தி சிலையின் அடியிலேயே தமிழில் வெட்டப்பட்டுள்ளது. தாராசுரத்திற் கிடைத்த அச்சிலையைத் தீத்துசுவின் ஏழு கிளை விளக்கோடு ஒப்பிடலாம்.

வெற்றியின் அடையாளங்கள் எவ்வளவு காலம் வெற்றியைச் சொல்லின? திராயனின் தூண் உச்சியில் 1587 முதல் பேதுருவின் சிலை நிற்கின்றது. கொலோசியத்தின் கற்களைப் பிற்காலத்தார் மாளிகைகளுக்கு எடுத்துச் சென்றனர். கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் அதுவே நேர்ந்தது. 1836 இல் கொள்ளிடத்திற்குக் கீழணை கட்டியபோது கோயிலின் கருங்கல் மதில் பெயர்க்கப்பட்டு அணைக்குச் சென்றது. ஊரார் தடுக்க முயன்று தண்டிக்கப்பட்டனர் என்றும், கல் மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன சொல்லும் நிறைவேறவில்லை என்றும் 1855 ஆம் ஆண்டுக் குறிப்பொன்று கூறுகின்றது. நீருக்காக ஏரி வெட்டியவனின் கோயிற் கற்கள் நீருக்கே போயின. அக்காலத்திற் சோழகங்கமோ கரை உடைந்து வறண்டு கிடந்தது. கோயில் தப்பியது. 2004 இல் அது உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

இனி நமது நாட்டிற்கு வருவோம். மாதோட்டத்தில் தாழி குமரன் என்னும் சோழ அதிகாரி தன் அரசன் பெயரால் இராசராச ஈச்சரம் எடுப்பித்தான். கோயில் மறைந்தது, கல்வெட்டு எஞ்சியது. பொலனறுவைக்குச் சோழர் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர், அப்பெயரும் மறைந்தது. ஆனால் அந்நகரில் வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் ஏறக்குறைய முழுமையாக நிற்கின்றது. தொல்லியலாளர் அதற்கு இரண்டாம் சிவாலயம் என எண் இட்டனர். இராசேந்திரனின் தாய் பெயர் தாங்கிய அச்சிறு கற்கோயில், தஞ்சை விமானத்தின் அருகில் வைத்தால் ஒரு பொம்மை போலத் தோன்றும். பொலனறுவைக்குச் செல்லும் மாணவர் பலர் அதனைச் சில நிமிடங்களிற் பார்த்து முடித்து விடுகின்றனர். அங்குச் சிறிது நேரம் நின்று, இத்துணைச் சிறிய கோயில் யாருக்காகக் கட்டப்பட்டது என்று எண்ணுதல் தகும். நாட்டையே அச்சுறுத்தும் எண்ணம் அதன் அளவிற் புலப்படவில்லை. வேற்று நாட்டில் வாழ்ந்த படைவீரரும் அதிகாரிகளும் வணிகரும் விளக்கேற்றி வழிபட அமைத்த இடமாகவே அது எனக்குத் தோன்றுகின்றது.

இதனினும் சிந்தனைக்குரியது திருகோணமலைப் பெரியகுளத்துக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை. சோழருக்கு முன்பே இருந்த அப்பௌத்தப் பள்ளியைச் சோழர் அழிக்கவில்லை. இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு அது தழைத்தது. திராவிடக் கட்டடப் பாணியின் சாயல் அதன் தளவரிசையில் உண்டு. விளக்கெரிக்கப் பசுக்களை வழங்கியோர் பெயர்கள் அங்குத் தமிழிலேயே வெட்டப்பட்டுள்ளன. கொடையாளர் தமிழ்ப் பௌத்தர். மரபோ தஞ்சையில் ஆடுகள் கொடுத்த அதே மரபு. ஓரிடத்தில் விகாரையைக் கொள்ளையிட்ட அரசு மற்றோரிடத்தில் விகாரைக்குத் தன் பெயரைச் சூட்டியது. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்காதவன் சோழரின் ஈழ ஆட்சியை எழுதத் தொடங்காமலிருத்தல் நன்று.

1070 இல் முதலாம் விசயபாகு பொலனறுவையைக் கைப்பற்றினான். அதன்பின் சோழக் கட்டடங்கள் இடிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணுவோம். வானவன்மாதேவி ஈச்சரம் இடிக்கப்படவில்லை. அவ்விசயபாகு கட்டுவித்த தந்தக்கோயிலைக் காக்கும் பொறுப்பு அவன் காலத்தின் பின் வேளைக்காரப் படையினரிடம் விடப்பட்டது. அவர்கள் அப்பொறுப்பை ஏற்று உறுதிமொழி கூறிய நீண்ட கல்வெட்டு, தமிழ் மொழியில், பொலனறுவையில் இன்றும் நிற்கின்றது.