உலக வங்கி ஆய்வுக் குழு

உலக வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களால் பாதிக்கப்படுவோரின் முறையீட்டைக் கேட்க 1993 செப்டம்பரில் ஏற்படுத்தப்பட்ட, மூவர் கொண்ட சுயேச்சைக் குழு. இதற்கு வித்திட்டது நர்மதை. அந்த ஆற்றின் குறுக்கே எழவிருந்த சர்தார் சரோவர் அணைக்கு வங்கி 1985-இல் 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. மறுகுடியமர்த்தலும் சூழல் ஆய்வும் சீராக நடக்கவில்லை என்று, வங்கியே நியமித்த மோர்ஸ் குழு 1992-இல் பகிரங்கமாகவே சொன்னது. மறு ஆண்டு மார்ச்சில் மீதிக் கடனே வேண்டாம் என்றது இந்தியா.

பாதிக்கப்பட்டவர் இருவர் சேர்ந்தால் போதும், ஒரு கடிதத்தில் முறையிடலாம். தாய்மொழியிலேயே எழுதலாம், பெயரை வெளியிடாதிருக்கக் கோரலாம். முதல் முறையீடு 1994-இல் நேபாளத்தின் அருண் நீர்மின் திட்டம் பற்றியது. அடுத்த ஆண்டே வங்கி அதிலிருந்து விலகியது. திட்டத்தை நிறுத்த ஆணையிடும் அதிகாரம் ஆய்வுக் குழுவுக்கு இல்லை. இது பெருங்குறை. ஆயினும் விசாரணை அறிக்கைகள் வெளியிடப்படுவதால், வங்கியின் கோப்புகளுக்குள் அடங்கிக் கிடந்திருக்கக்கூடிய தவறுகள் ஊரார் கைக்கு வருகின்றன.