இலங்கையின் கடிஸ் ஈக்கள் பெயர் பெற்ற வரலாறு



பல ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை மலைநாட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஓடையிற் கால் நனைத்த சிறுவன் ஒருவன் கல்லொன்றைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருந்த மணற்குழாய் ஒன்றைக் காட்டி, “ஐயா, இஃது என்ன?” என்று வினவினான். “ஏதோ பூச்சியின் கூடு” என்றேன். வரலாறு கற்பித்து வந்த எனக்கு, அக்கூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டென்பது அன்று தெரியாது.

அக்குழாயைக் கட்டுவது ஒரு குடம்பி. தன் கீழுதட்டிற் சுரக்கும் பட்டு நூலால் மணலையும் இலைத் துணுக்குகளையும் பிணைத்து அது தனக்கு உறை சமைக்கிறது. அதன் உறவினருட் சில உறை கட்டாது, ஓடும் நீரில் வலை விரித்து இரை தேடும். வளர்ந்து சிறகு பெற்றபின் அது அந்துப்பூச்சியை ஒத்திருக்கும்; இரவில் விளக்கை நாடி வரும். ஆங்கிலேயர் அதனைக் கடிஸ் ஈ என்பர். அதன் சிறகில் மயிர் அடர்ந்திருத்தலால், ‘மயிர்ச்சிறகு’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு, அதன் வருணத்துக்குத் திரைக்கொப்தெரா என 1813 இல் வில்லியம் கேர்பி பெயரிட்டார். இன்று உலகில் 16,000க்கு மேற்பட்ட இனங்கள் இவ்வருணத்துள் அடங்கும்.

நம் நாட்டு இனங்கள் ஏட்டில் ஏறியது கோப்பிக் காலத்திலாகும். மலைக்காடுகள் அழிக்கப்பட்டு, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் தோட்டங்கள் பெருகிய நாள்கள் அவை. றம்பொடைப் பகுதியில் வாழ்ந்த ஜோன் நீற்னர் என்னும் ஜேர்மானியர் ஒருபுறம் கோப்பிச் செடியின் பகைவரான பூச்சிகளை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1861 இல் நூலாயிற்று. மறுபுறம், கோப்பிக்கு நன்மையோ தீமையோ செய்யாத பூச்சிகளையும் அவர் சேகரித்தார். அவற்றுட் பல கடல் கடந்து, கேனிக்ஸ்பேர்க் நகரில் மருத்துவராயிருந்த ஹேர்மன் ஹேகனைச் சென்றடைந்தன. அவர் இலங்கைப் பூச்சிகளைப் பற்றி 1858 இலும் 1859 இலும் வியன்னாவில் வெளியிட்ட கட்டுரைகளில், நம் ஓடைகளின் கடிஸ் ஈக்கள் பல முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் பெற்றன. கொழும்பு நூதனசாலை அப்போது தோன்றியிருக்கவில்லை. அது திறக்கப்பட்டது 1877 இலேயே.

ஓர் இனத்தைக் காண்பது வேறு. அதனை விவரிப்பது வேறு. இவ்வீக்களுட் பல நிறத்தாலும் பருமனாலும் ஒன்றையொன்று ஒத்தவை. ஆதலின் இக்கால ஆராய்ச்சியாளர் ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலிலிட்டுத் தெளிவாக்கி, இனப்பெருக்க உறுப்புகளை நுணுக்குக்காட்டியில் நோக்கிப் படம் வரைவர். அறிந்த இனங்களோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைச் சொல்லிப் பெயரிட்டு, ஒரு மாதிரியை மூலச்சான்றாகத் தெரிந்து நூதனசாலையில் வைப்பர். நூறாண்டு கழித்து ஐயம் எழுந்தால் அம்மாதிரியே தீர்ப்புச் சொல்லும்.

ஹேகனுக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்று, சுவிற்சர்லாந்துக்காரரான பெர்னாண்ட் ஷ்மிட் இலங்கையின் கடிஸ் ஈக்களைப் பற்றி 173 பக்கங்கொண்ட ஆய்வொன்றை 1958 இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். 1970 இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தாரும் நம் வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்தாரும் கூடி இந்நாட்டு மலையோடைகளை ஆராய்ந்தனர். அவ்வித்தியாலங்காரமே இன்றைய களனிப் பல்கலைக்கழகம். கொலன்னாவையில் வாழும் எமக்கு அஃது ஆற்றின் மறுகரையில் உள்ளது. இத்துணை அண்மையிலிருந்தும், அப்பணியைப் பற்றி என் மாணவருக்கு ஒரு சொல்லும் நான் சொன்னதில்லை.

இச்சிறு பூச்சிக்கு இத்துணை முயற்சி எதற்கு என நேயர்கள் கேட்கலாம். கடிஸ் ஈக்களுட் பல தெளிந்த, உயிர்வளி நிறைந்த நீரிலேயே வாழ்பவை. நீர் மாசுற்றால் அவை முதலில் மறையும். மாசினைத் தாங்கும் சில மட்டும் எஞ்சும். எந்த இனம் எங்கே இருந்தது என்னும் பதிவு இருந்தால்தான், எது மறைந்தது என்று சொல்லவியலும். பெயரில்லாத உயிர் அழிந்தால் அதன் இழப்பைக் கணக்கிட ஏடும் இல்லை. சிவனொளிபாத மலைப்புறத்தில் தெளிவாய்ப் பிறக்கும் களனி கங்கை எம்மூரை அடையும்போது எந்நிலையில் உள்ளது என்பதைக் கரையில் வாழ்வோர் அறிவர். அந்த ஆற்றின் நீரையே அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மாநகர் குடிக்கிறது.

இலத்தீனிலும் ஜேர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட இவ்வரலாறு தமிழ்ப் பிள்ளைகளின் பாடநூலிலும் இடம்பெறல் வேண்டும். ஓடைக்குச் செல்லும் ஆசிரியர் ஒரு கல்லைப் புரட்டிக் காட்டி, பின் அதனை இருந்தவாறே வைத்துவிடுவாராக. அன்று என்னிடம் கேட்ட சிறுவன் இன்று ஒரு தந்தையாயிருப்பான். அவனுடைய பிள்ளையாவது அவ்வினாவுக்கு என்னுடையதிலும் நல்ல விடையொன்றைப் பெறட்டும்.